புகையில்லாக் கூரையும் பனிக்கொம்பனும்

நீர் வற்றாது நிற்க. நெருப்பு அவியாது நிற்க. சொன்ன சொல் சாயாது நிற்க.

நெடுவரை நாட்டையும் அதன் கீழைச் சமவெளியையும் ஒரு குடைக்கீழ்க் காத்தருளும் ஒளிநங்கை மாதேவியாரின் திருமுன்பிலிருந்து, ஓலையமைச்சன் மருதங்குடித் தாயன், வெண்குன்றக் கோட்டைத் தலைவரும், மலைக் கணவாய்களின் காவலரும், ஆற்றுப்போரில் அரசியாரின் கொடியை நனையாது கரைசேர்த்தவருமான செருவிடைவேளார் அவர்களுக்கு வணங்கி எழுதுவது. தங்கள் கோட்டையும், கோட்டையுள் உறையும் வீரரும், தங்கள் திருமகள் தளிர்நங்கையும் நலமே வாழ்க. இவ்வோலையின் இலச்சினை உடையாதிருக்கக் கண்டு, தனியே இருந்து, வாய்விடாது படித்தருள்க.

முதலில் எழுத வேண்டியதை முதலில் எழுதிவிடுகிறேன். கார்த்திகைப் பிற்பகுதியில் தங்கள் மனையாட்டியார் காய்ச்சலில் மறைந்த செய்தி கேட்டு அரசியார் அன்றைய அவையைக் கலைத்து எழுந்தருளினார். அவர் பெயரால் ஏற்றிய விளக்கு இன்றும் அரண்மனைக் கோயிலில் எரிகிறது. அதன் பின்னர்த் தாங்கள் விடுத்த ஓலைகளில் கையெழுத்து மாறியிருப்பதையும் அரசியார் கண்டார். எழுத்துக்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன என்றும், படைத்தலைவர் உறங்குவதில்லை போலும் என்றும் என்னிடம் கூறினார். இது நிற்க.

தாங்கள் விடுத்த ஓலையில் கண்ட செய்தியை, நான் பிழைபடக் கொண்டேனோ என்று சரிபார்ப்பதற்காக, ஒருமுறை திருப்பிச் சொல்லுகிறேன். மலையூரில் ஆண்டுதோறும் பனிக்காலத்தில் பனிக்கொம்பன் என்றொரு கொடிய உரு இறங்கி வரும். காட்டெருமைக் கொம்பும், கரிபூசிய மரமுகமும், மார்புவரை தொங்கும் சிவந்த தோல்நாக்கும், நடந்தால் குலுங்கும் மணிகளும், கையில் பிரம்பு போன்ற விளாறும், முதுகில் பிள்ளை பிடிக்கும் கூடையும் உடையது அது. முதற்பனி, நடுப்பனி, கடைப்பனி என்னும் மூன்று அந்திகளில் அதன் மணி கேட்டவுடன் ஊரார் தானியமும் விறகும் வாயிலில் வைத்துவிட்டுக் கதவடைத்துக் கண்மூடிக் கொள்வர். இவ்வாண்டு முதற்பனி அந்தியில் அவ்வுரு கோட்டை மதிலுக்குள்ளேயே புகுந்து, தங்கள் மகளைக் கூடையிலிட்டு மலைவரம்பு நோக்கி ஏறியது. தாங்கள் கண்டு அம்பெய்தீர்கள்; அம்பு கெண்டைக்காலில் தைத்தது. மகளை மனைக்கு அனுப்பிவிட்டு மரமுகத்தைக் கழற்றியபோது உள்ளே இருந்தவள் தோரையம்மை என்னும் ஆட்டிடைச்சி. ஏன் செய்தாய் என்றதற்கு அவள் வாய் திறக்கவில்லை, ஊராரும் திறக்கவில்லை. சிறையில் இருந்தபடி அவள் காவலரிடம் ஒரே வினாவை நாள்தோறும் கேட்பது கூட்டாளிகளுக்கு விடுக்கும் குறிப்பென்று தாங்கள் ஐயுற்றீர்கள். ஆதலின் நடுப்பனி அந்திக்கு முன் அவள் தலையைக் கொய்யவும், மலையூர்களில் உள்ள கொம்புகளையெல்லாம் எரிக்கவும் அரசியாரின் இசைவு வேண்டினீர்கள்.

பெற்ற பிள்ளை கூடையில் போவதைக் கண்ட தந்தை வில்லெடுப்பான். அதில் குற்றமில்லை என்று அரசியார் அப்போதே அருளினார். ஆயினும் கொல்வதற்கு ஓர் ஓலை போதும், கொன்றபின் மீட்பதற்கு ஏடுள்ள பனையெல்லாம் சேர்ந்தாலும் போதாது என்று சொல்லி, என்னை மலைக்கு அனுப்பினார். தாங்கள் மேலைக் கணவாயில் பனியில் அடைபட்ட வணிகரை மீட்கச் சென்றிருந்த நாட்களில் நான் அங்கு வந்து தங்கினேன். தங்களைக் காணாமலே திரும்பியதற்குப் பொறுத்தருள்க. மக்கள் பேசியதைப் பேசியபடியே எழுதுவது என் வழக்கம். நடை இறங்கினால் அதையும் பொறுத்தருள்க.

ஊர்முதலி மாதன் வீட்டில் எனக்கு இடம் தந்தார்கள். நான் முறைப்படி தொடங்கினேன். கொம்பன் எத்தகையது என்று கேட்டேன்.

"கதவைச் சாத்திக் கண்ணை மூடிக்குவோமுங்க. அப்புறம் பார்த்தவங்க யாரு?" என்றார் மாதன்.

பாராத ஒன்றுக்கு ஊர் முழுதும் அஞ்சுவதெப்படி என்றேன்.

"அய்யா கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டே இருக்கிற ஊர்ல இருந்து வர்றீங்க. இங்க கண்ணை மூடத் தெரிஞ்சவனுக்குத்தான் மரியாதை."

அடுப்பருகே கம்பளி நூற்றுக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிராமலே, "அமைச்சருக்குக் குளிர்ல பல்லு எல்லாம் ஆடுது, கேள்வி மட்டும் ஆடவே மாட்டேங்குது. கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க சாமி" என்றாள். நான் கிட்டச் சென்று அமர்ந்தேன். வேறொன்றும் கிடைக்கவில்லை. ஊர் முழுதும் கேட்டேன். எங்கும் கஞ்சி கிடைத்தது, விடை கிடைக்கவில்லை.

ஆனால் ஒன்றைக் கண்டேன். வெயில் இறங்கும் வேளையில் அவ்வூரார் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு சாக்கில் வெளியே வருவர். ஆட்டைப் பட்டியில் அடைப்பது போலவோ, துணியை எடுப்பது போலவோ நிற்பர். நின்று, ஒருவரோடொருவர் பேசாது, கூரைகளை நோக்குவர். பின்னர் உள்ளே போய்விடுவர். கூரையில் என்ன பார்க்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. சமவெளிக்காரனாகிய எனக்குக் கூரை என்றால் கூரைதான்.

மறுநாள் சிறைக்குச் சென்றேன். தோரையம்மை காலை நீட்டி வைக்கோலில் அமர்ந்திருந்தாள். தோள் அகன்றவள், ஓர் ஆட்டைக் கழுத்தில் சுமந்து மேடேறக்கூடியவள் என்று பார்த்தவுடனே தெரியும். என் பதவியையும் வந்த காரியத்தையும் சொன்னேன். பேசினால் உயிர் தப்பலாம் என்றும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துக் கேட்டது இவ்வளவே:

"மேட்டுவீட்டுல புகை தெரியுதாங்க?"

காவலன் சிரித்தான். "காலையும் சாயந்தரமும் இதே பாட்டுத்தானுங்க. தெரியுது தெரியுதுன்னு சொல்லி வைப்போம்."

"நிமிர்ந்து பார்க்காமலே சொல்றியே தம்பி. உன் கழுத்துல என்ன, சுளுக்கா?" என்று அவள் அவனிடம் கேட்டாள். அதில் சினம் இல்லை.

நான் வெளியே வந்து மேட்டை நோக்கினேன். உச்சியில் ஒரு குடிசை. ஊரின் எல்லாக் கூரையிலும் புகை எழுந்துகொண்டிருந்தது. அதில் மட்டும் இல்லை. பகலிலேயே ஏறிச் சென்றேன். செவணன் என்பவன் காய்ச்சலில் படுத்திருந்தான். சிறு பிள்ளைகள் இருவர் ஒரே கம்பளியில் சுருண்டிருந்தனர். வறுமையைச் சொல்ல நம் நாட்டில் ஒரு சொல் உண்டே, அடுப்பில் பூனை உறங்குகிறது என்று. அதைப் பேச்சில் கேட்டிருக்கிறேன், கண்ணால் கண்டது அன்றுதான். பூனை சாம்பலில் சுருண்டு உறங்கிக்கொண்டிருந்தது. சாம்பல் குளிர்ந்து நெடுநாளாகியிருந்தது.

உடனே இறங்கி வந்து, கோட்டைக் கிடங்கிலிருந்து விறகுக் கட்டும் தினை மூட்டையும் வீரன் ஒருவன் தலையில் ஏற்றி அனுப்பினேன்; நானும் உடன் சென்றேன். நல்லது செய்கிறோம் என்னும் நிறைவோடு சென்றேன் என்பதையும் மறைக்கவில்லை. செவணன் சுவரைப் பிடித்து எழுந்து வாயிலுக்கு வந்தான்.

"யாரு சொல்லி அனுப்புனது?"

அரசியாரின் பெயரால் என்றேன்.

"நாங்க கேக்கலையே. ஊருக்குள்ள யாராச்சும் எங்களைப் பத்தி ஏதும் பேசுனாங்களா?"

ஒருவரும் பேசவில்லை, நானே கண்டேன் என்றேன்.

"கண்டீங்கன்னா கண்ணோட வச்சுக்குங்க சாமி. நான் பிச்சைக்கு உக்காரலை." என்று சொல்லிக் கதவைச் சாத்தினான். கதவுக்குப் பின்னே பிள்ளை ஒன்று இருமியது. வீரன் தலைச்சுமையோடு நின்றான். கீழே ஊரார் எல்லோரும் பார்த்துவிட்டனர். பார்த்தவுடன் முகத்தைத் திருப்பிக்கொண்டனர். அரசியாரின் இலச்சினையைக் கையில் வைத்திருந்தும் ஒரு கட்டு விறகை ஒரு வாயிலைத் தாண்டி உள்ளே செலுத்த என்னால் இயலவில்லை. சுமந்ததைச் சுமந்தபடியே திருப்பி இறக்கினோம்.

அதன் பின்னரே தங்கள் மனைக்குச் சென்றேன். கூடையில் போன பிள்ளை அவள் ஒருத்திதானே. அவளைக் கேளாமல் ஊரையெல்லாம் கேட்டது என் முறையில் நேர்ந்த குறை. தளிர்நங்கை என்னை நன்றாகவே வரவேற்றாள். நான் கேட்குமுன் அவள் கேட்டாள்:

"கொம்பனுக்குக் காலு இன்னும் வலிக்குதா?"

அஞ்சினாயா அம்மா என்றேன்.

"வரும்போது பயமாத்தான் இருந்துச்சு. நாக்கு இத்தனை பெருசு. ஆனா கூடைக்குள்ள ஆட்டுத்தோல் போட்டிருந்துச்சா, சூடா இருந்துச்சு. அது உறுமவே இல்லை, மூச்சுத்தான் வாங்குச்சு. அம்பு பட்டப்போ 'அம்மா'ன்னுச்சு. கொம்பனுக்கும் அம்மா உண்டா?"

அவள் தலையணைக்கடியிலிருந்து ஒரு மணியை எடுத்துக் காட்டினாள். கொம்பன் முழந்தாளில் விழுந்தபோது அறுந்து பாறையில் கிடந்ததாம். "திருப்பிக் குடுக்கணும். மணி இல்லாட்டி அது வர்றது யாருக்கும் தெரியாதே" என்றாள். அதற்குள் எனக்குக் கைகால் விறைத்துவிட்டது. தங்கள் மனை அத்தனை குளிர்ந்திருந்தது. அடுக்களையை எட்டிப் பார்த்தேன். வேளாரே, அங்கும் அடுப்பில் பூனை உறங்கிக்கொண்டிருந்தது.

இழவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டலாகாது, உற்றார் சமைத்துக் கொணர வேண்டும் என்பது நம் சமவெளி வழக்கம். நம் வெயிலுக்கு அது பொருந்தும். மலையிலோ, பிணம் கூடத்தில் கிடந்தாலும் அடுப்பு அவியலாகாது என்பது வழக்கம். தாங்கள் நம் வழக்கப்படியே அடுப்பை அவித்தீர்கள். உணவு படைவீரர் சமையற்கட்டிலிருந்து வந்தது. அது முறையே. ஆனால் கருமாதி முடிந்த பின்னும் தாங்கள் மூட்டச் சொல்லவில்லை என்று பணிப்பெண் கூறினாள். மூட்டலாமா என்று ஒருமுறை கேட்டாளாம். தாங்கள் மறுமொழி கூறாது மதில்மேல் ஏறிவிட்டீர்களாம். அதன்பின் அவள் கேட்கவில்லை.

அன்று வெயில் இறங்கும் வேளையில் நானும் மாதனுடன் வெளியே நின்று கூரைகளை நோக்கினேன். மேட்டுவீட்டில் புகை இல்லை; கோட்டையில் தங்கள் மனையில் புகை இல்லை. மாதன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்துட்டீங்களா?" என்றார். "பாத்துட்டீங்கன்னா இனி சொல்லலாம். பாக்காதவங்களுக்குச் சொல்லக்கூடாதுங்கிறதுதான் கட்டு. சொல்லிட்டு நான் கொள்ளி வைக்கிற பிள்ளை முகத்துல முழிக்கணுமே, சத்தியம் பண்ணுங்க."

அரசியாருக்கும் தங்களுக்கும் அன்றி வேறெவர்க்கும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தேன். அவர் சொன்னதன் சாரம் இது. மலையூரார் பசியால் சாவர். கேட்டு வாங்க மாட்டார். ஒருவன் வாங்கினான் என்பது ஊருக்குத் தெரிந்தால் அவன் மகளுக்கு மணமில்லை, மந்தைக் கூட்டத்தில் அவனுக்குச் சொல்லில்லை. ஆதலின் முன்னோர் கொம்பனை உண்டாக்கினார்கள். அதற்கு அஞ்சி எல்லா வீட்டாரும் தானியமும் விறகும் வாயிலில் வைப்பர். எவர் எவ்வளவு வைத்தார் என்று எவரும் அறியார், எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். புகையில்லாத வீட்டின் முன் கொம்பன் அவற்றைக் குவித்துவிட்டு, பிள்ளையைக் கூடையிலிட்டு, மலைக்கு அப்பாலுள்ள ஊரில் கனலுள்ள ஒரு வீட்டில் சேர்க்கும். பனிக்காலம் நீங்கியபின் பிள்ளை கொழுத்துத் திரும்பும். கொம்பன் விழுங்கித் துப்பிய பிள்ளை என்பர், எங்கிருந்தாய் என்று கேளார். கொம்பன் போட்டதை மறுப்பது ஊருக்குக் கேடு. ஆகவே மானமுள்ளவனும் அதை எடுத்துக்கொள்ளலாம். நான் கொண்டுபோன விறகுக்கு மூடிய கதவு அந்தக் கொம்புக்குத் திறந்திருக்கும். இந்நாட்டில் வரி தண்டும் முறை பலவற்றை நான் எழுதியிருக்கிறேன். கொடுத்தவனும் கூனாமல் பெற்றவனும் கூனாமல் நடப்பது இது ஒன்றே. ஊரார் அறிந்தே அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் ஏழை வீட்டு வாயிலில் அவர்கள் எல்லோரும் சேர்ந்து பிடித்திருக்கும் திரைச்சீலை.

தோரையம்மை கண்டது தங்கள் பெயரையன்று, பதவியையுமன்று. புகையில்லாத கூரை ஒன்றையும், அதன்கீழ் ஒரு பிள்ளையையும் கண்டாள். படைத்தலைவர் மனையாயிற்றே என்று மாதன் தடுத்தாராம். "குளிருக்கு அது தெரியுமா?" என்று கேட்டுவிட்டு அவள் மதிலேறினாளாம்; மேட்டுவீட்டுக்கு ஏறுமுன்னே பிடிபட்டாளாம். அவள் செய்தது பிழை என்று முதலில் இவ்வோலையில் எழுதினேன். பின் அந்த வரியைச் சுரண்டிவிட்டேன். அது பிழையா என்பதைத் தாங்களே எண்ணிக்கொள்க.

இன்னும் ஒன்று. தங்கள் அம்பு தைத்த இடத்தைச் சென்று பார்த்தேன். செங்குத்தான சரிவு அது, ஒருபக்கம் பள்ளம். அம்பு பட்டவர் எவரும் மல்லாந்தோ பக்கவாட்டிலோ விழுவர். அவளோ முழந்தாளிட்டு, இரு கையையும் பாறையில் ஊன்றி, கூடை சாயாதபடி அப்படியே இருந்தாள் என்று அவளைப் பிடித்த வீரரே சொன்னார்கள். சிறைக்குள்ளும் அவள் வாய் திறவாமைக்குக் காரணம் அதுவே. பேசினால் தன் உயிர் நிற்கும். பேசினால் மலையெங்கும் விழுங்கித் துப்பிய பிள்ளைகளின் வீடுகள் எவையெவை என்று வெளிப்படும். அவள் கூடையைச் சாய்க்க மறுத்துவிட்டாள். இப்போதும் மறுத்துக்கொண்டிருக்கிறாள்.

இவையெல்லாம் அரசியாரின் திருச்செவியில் ஏற்றினேன். மேட்டுவீட்டுப் பிள்ளைகள் இப்போது எவ்வாறு என்று அவர் கேட்டார். மாதன் மனைவி, நூல் பிடிக்க ஆள் வேண்டும் என்னும் சாக்கில் பகலில் அவர்களைத் தன் அடுப்பருகே வைத்துக்கொள்கிறாள் என்றும், பொழுது சாய்ந்தால் அவர்கள் அந்தக் குளிர்ந்த வீட்டுக்கே திரும்புகிறார்கள் என்றும் சொன்னேன். காயம்பட்டவள் நடுப்பனிக்குள் மலையேறுவாளோ என்று கேட்டார். ஏற இயலாது என்றேன். கொம்பை வேறு யார் அணியலாம் என்று கேட்டார். எந்த வீட்டுப் பிள்ளை கூடையில் போனதோ, அந்த வீட்டார் மட்டுமே அணியலாம் என்பது மலையின் கட்டு. தோரையம்மையும் சிறுமியாய்க் கூடையில் போனவளே என்று மாதன் கூறியதைச் சொன்னேன்.

அப்போது அரசியார், அப்படியாயின் இவ்வாண்டு அந்தத் தகுதி பெற்ற புது வீடு ஒன்று உண்டே என்று அருளினார்.

ஆகவே அரசியாரின் ஆணை இது.

தோரையம்மையின் தளையை இவ்வோலை கண்டவுடன் தங்கள் கையாலேயே நீக்குக. ஊருக்குக் காரணம் எதுவும் அறிவிக்க வேண்டா. கொம்பன் சிறையில் நில்லாது மலையேறிவிட்டது என்று மட்டும் பறையறைவிக்க. கோட்டைத் தலைவர் காவலில் இருந்த ஒன்று தப்பியது என்று தங்களைச் சிலர் நகைக்கக்கூடும். அந்த நகைப்பைத் தாங்கள் சுமக்க வேண்டும் என்று அரசியார் கேட்கிறார், கட்டளையிடவில்லை, கேட்கிறார். அவள் நடக்கும்வரை தங்கள் மனையில் அடுப்பருகே இருந்து காலை ஆற்றிக்கொள்ளட்டும். தளிர்நங்கைக்கு அவள் யாரென்று சொல்ல வேண்டா. பிள்ளைக்குத் துணையாக வந்த ஆட்டிடைச்சி என்பது போதும், அது பொய்யுமன்று. கொம்புகளில் ஒன்றையும் எரிக்கலாகாது.

வரும் நடுப்பனி அந்தியில் கொம்பும் மரமுகமும் தோலும் தாங்களே அணிக. மணிகளை இடுப்பில் எவ்வாறு கட்டுவது என்பதை மாதன் காட்டித்தருவார். முதலில் மேட்டுவீட்டுக்கு ஏறுக. வாயிலில் சுமையை இறக்கிவிட்டு, பிள்ளைகள் இருவரையும் கூடையிலிட்டு, மலைக்கு அப்பால் மாதன் குறிக்கும் வீட்டில் சேர்த்திடுக. செவணன் உள்ளே கண்மூடியிருப்பான். அவன் அழுதாலும் நில்லற்க, பேசற்க. பேசினால் அவனுக்குத் தங்கள் குரல் தெரிந்துவிடும். திரும்பும் வழியில் தங்கள் மனை வாயிலுக்கும் வருக. எல்லா வாயிலுக்கும் வருவதுதானே முறை. அங்கே தளிர்நங்கை மணியோடு நிற்பாள். எல்லோரும் கண்மூடச் சொன்னாலும் அவள் மூட மாட்டாள் என்பது என் கணிப்பு. தங்களைக் கண்டு அவள் நடுங்கினால் பொறுத்துக்கொள்க. மணியை நீட்டினால் குனிந்து வாங்கிக்கொள்க.

இவையனைத்துக்கும் முன்னே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இவ்வோலையில் எழுதியது தங்கள் கண்ணுக்கு மட்டுமே உரியது. இது பெட்டகத்தில் இருக்கலாகாது, பிறர் கையில் அகப்படலாகாது. ஆதலின் படித்து முடித்தவுடன் தங்கள் அடுக்களைக்குச் செல்க. பூனையை எழுப்பி வெளியே விடுக. சாம்பலை வாருக. விறகு அடுக்கி, இவ்வோலையை அடியில் இட்டு, தங்கள் கையாலேயே தீ மூட்டுக. பச்சோலையில் எழுதினால் புகையும் என்பதால், நன்கு உலர்ந்த ஓலையாகவே தேர்ந்து எழுதியிருக்கிறேன், எளிதில் பற்றும்.

அந்த அடுப்பின் புகை கூரைக்கு மேலே எழுவதை மாதன் கீழிருந்து காண்பார். ஆணை நிறைவேறியது என்பதற்கு அரசியார் வேறு மறுமொழி வேண்டார்.

ஒளிநங்கை மாதேவியாரின் கணையாழி ஒற்றி, இது மருதங்குடித் தாயன் எழுத்து.

வெண்குன்றத்தின் ஒவ்வொரு கூரைக்கும் அதனதன் புகை உண்டாகுக.